எழுதுவதா, நடத்துவதா? சலோனெனின் வாழ்க்கையும் நம் வீட்டுப் பிள்ளையும்

சாட்ஸ்வொர்த் தகப்பன் (டர்பன்)

அனைவருக்கும் வணக்கம்.

என் மகள் அடுத்த ஆண்டு மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகிறாள். வயலினில் யுனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) நடத்தும் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்தவள். பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவிடம் சிறு வயதிலிருந்து வாய்ப்பாட்டும் கற்று வருகிறாள். வாசிப்பது மட்டும் போதாது, இசைக்குழுவுக்கு எழுத வேண்டும், எழுதியதைத் தானே மேடையில் நின்று நடத்தவும் வேண்டும் என்பது அவள் ஆசை. முன்மாதிரியாக அவள் நினைப்பது இசையமைப்பாளரும் நடத்துநருமான ஃபின்லாந்தின் எசா-பெக்கா சலோனெனை. அவருடைய வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) எங்கள் வீட்டில் ஒலிக்காத நாளே இல்லை.

அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1958இல் ஹெல்சிங்கியில் பிறந்தார். ஹார்ன் வாசித்தார், சிபெலியஸ் அகாடமியில் படித்தார். 1992 முதல் 2009 வரை லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநர். பிறகு லண்டன், பிறகு சான் பிரான்சிஸ்கோ. படிக்கப் படிக்கப் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மனிதர் எப்படிச் சமாளித்தார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. என் அண்ணனோ பி.காம். சேர்த்துவிடு என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நான் மகளின் பக்கம். வழி தெரியாமல் அவளை அனுப்பிவைக்கத்தான் மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: முதலில் எதைப் படிக்க வேண்டும், எழுதுவதையா, நடத்துவதையா?

இரண்டாம் வயலின் (டர்பன்)

ஐயா, உங்கள் மகளுக்கு நல்ல காது. அந்தக் கான்செர்ட்டோ எந்தச் சூழலில் பிறந்தது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சலோனென் நடத்துநராக ஆசைப்பட்டுக் கிளம்பியவர் அல்லர். மாணவப் பருவத்தில் மாக்னுஸ் லிண்ட்பெர்க், கையா சாரியாஹோ ஆகியோருடன் புதிய இசைக்கான சங்கம் ஒன்றில் சேர்ந்து இயங்கியவர். எழுதுவதை நடத்த ஒருவர் வேண்டுமே என்றுதான் யோர்மா பனுலாவிடம் நடத்தும் கலையைக் கற்றார். 1983இல் லண்டனில் பில்ஹார்மோனியா இசைக்குழு மாலரின் மூன்றாம் சிம்பொனியை வாசிக்க இருந்தது. நடத்த வேண்டிய மைக்கேல் டில்சன் தாமஸால் வர முடியவில்லை. 25 வயதுச் சலோனெனை அழைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் நீளும் அந்தச் சிம்பொனியின் ஸ்கோரை (எல்லா வாத்தியங்களுக்கும் உரியதைச் சேர்த்து எழுதிய முழுத் தாளை) அவர் அதற்கு முன் புரட்டியதே இல்லை. சில நாட்களில் உட்கார்ந்து படித்தார், நடத்தினார். அன்றிலிருந்து உலகம் அவரை நடத்துநராகவே பார்க்கத் தொடங்கியது.

அதற்குப் பின் நடந்ததைத்தான் உங்கள் மகளிடம் சொல்ல வேண்டும். ஸ்வீடன் வானொலி இசைக்குழு, அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் என்று பதவிகள் வரிசையாக வந்தன. எழுதுவது சுருங்கியது. பெரிய இசைக்குழுவுக்கான 'எல்.ஏ. வேரியேஷன்ஸ்' 1997இல்தான் அரங்கேறியது. அதற்குப் பிறகும் நேரம் போதாமல் 2000இல் நடத்துவதிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு எழுதினார். 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் பதவியை விட்டபோதும் எழுத நேரம் வேண்டும் என்பதையே பெரிய காரணமாகச் சொன்னார். விடைபெறும் அந்தப் பருவத்தில், லீலா ஜோசஃபோவிச் வாசிப்பதற்காக எழுதி அரங்கேற்றியதுதான் உங்கள் வீட்டில் ஒலிக்கும் வயலின் கான்செர்ட்டோ. 2012இல் அதற்கு இசையமைப்புக்கான கிராவமேயர் விருது கிடைத்தது.

அதன் முதல் பகுதியை இன்னொரு முறை கேளுங்கள். வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டின் நடுவில் கதவைத் திறந்ததுபோல் வயலின் தொடங்கும். மூச்சுவிடாமல் ஓடும். பின்னால் மணியொலி போன்ற சன்னமான ஓசைகள் மட்டும் அங்கங்கே தொட்டுவிட்டு விலகும். ஒற்றை வயலினை எத்தனை வாத்தியங்கள் சேர்ந்தால் மூழ்கடித்துவிடும் என்பது வருடக்கணக்காக இசைக்குழுவின் முன் நின்றவருக்கு உள்ளங்கை ரேகை. அவர் எழுதிய பக்கங்களில் அந்த அனுபவம் தெரிகிறது. மேடை அவருடைய காலத்தைப் பிடுங்கிக்கொண்டது உண்மை. எழுத்துக்கு வேண்டிய அறிவைக் கொடுத்ததும் அதே மேடைதான்.

என் விடை: முதலில் எழுதட்டும். நடத்துவதை எழுத்துக்குத் துணையாகக் கற்கட்டும்.

ஜொபர்க் கணக்காளர் (ஜோகன்னஸ்பர்க்)

தம்பி சொன்னது ஃபின்லாந்துக் கதை. அங்கே மக்கள்தொகை 60 லட்சம்கூட இல்லை. ஆனாலும் சிறு நகரங்களில்கூட அரசு மானியத்தில் இசைக்குழு நடக்கிறது. நம் நாட்டில் 6 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறோம், முழுநேர இசைக்குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி.யில் பிறந்த தேசிய சிம்பொனி இசைக்குழு 2000இல் இழுத்து மூடப்பட்டது. அடுத்து வந்த ஜோகன்னஸ்பர்க் பில்ஹார்மோனிக்கும் பணமுடையில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்து 2017இல்தான் எழுந்தது. டர்பனில் 1983இல் தொடங்கிய இசைக்குழு இன்றும் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் எத்தனை பேர் கையேந்தி நன்கொடை திரட்டுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

பதவி கிடைத்தாலும் நிம்மதி இல்லை. அதே சலோனென் 2020இல் சான் பிரான்சிஸ்கோ போனார். இசைக்குழுவின் எதிர்காலம் பற்றி நிர்வாகக் குழுவின் எண்ணமும் தன் எண்ணமும் ஒன்றல்ல என்று 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 2025இல் வெளியேறினார். செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகத்தின் முன் உலகப் புகழுக்கும் மதிப்பில்லை.

நம் ஊர் ஒஃபென்ட்சே பிட்சேயைப் பாருங்கள். தொழில்முறையில் கட்டடக் கலைஞர். அதோடு 'ஆங்கர்ட் சவுண்ட்' என்ற இசைக்குழுவைத் தானே தொடங்கி நடத்துகிறார். கையில் ஒரு தொழில் இருந்தால்தான் கலையில் தலைநிமிர்ந்து நிற்கலாம். பி.காம். படித்துக்கொண்டே இசையும் படிக்கட்டும். அண்ணன் சொல்வதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பீனிக்ஸ் அத்தை (டர்பன்)

நான் இசை அறிந்தவள் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பெண்பிள்ளை ஒருத்தி கோலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றால் அந்த வாத்தியக்காரர்கள் மதிப்பார்களா?

இரண்டாம் வயலின் (டர்பன்)

மதிப்பார்கள் அத்தை. முதல் ஒத்திகையில் பத்து நிமிடம் போதும், முன்னால் நிற்பவருக்கு ஸ்கோர் தெரியுமா தெரியாதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவரோடு மனமொத்து வாசிப்போம். லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் பி.பி.சி. 'ப்ராம்ஸ்' (Proms) இசைவிழாவின் கடைசி இரவை 2013இல் முதன்முறையாக ஒரு பெண் நடத்தினார், அமெரிக்காவின் மரின் ஆல்சாப். ஃபின்லாந்தின் சுசான்னா மால்க்கி செல்லோ வாசித்துக்கொண்டிருந்தவர். நடத்துநராகி உலகம் சுற்றுகிறார். கதவு தாமதமாகத் திறந்தது. இப்போது திறந்திருக்கிறது.

மாரிட்ஸ்பர்க்காரன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எங்கள் ஊரில் பிறந்த கெவின் வோலன்ஸை யாரும் சொல்லவில்லையே! 1949இல் பிறந்தவர். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர். 'ஒயிட் மேன் ஸ்லீப்ஸ்' முதலில் இரண்டு ஹார்ப்சிகார்டு, ஒரு வியோலா ட காம்பா, தாளவாத்தியம் இவற்றுக்காக எழுதியது. ஆப்பிரிக்கச் சுருதிக்கு நெருங்கி வர அந்த ஹார்ப்சிகார்டுகளை வேறுவிதமாகச் சுருதி சேர்க்க வேண்டும். பிறகு நால்வர் தந்தி வடிவம் வந்தது, க்ரோனோஸ் குவார்டெட் வாசித்து உலகமெங்கும் போனது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது நடத்துகிற கோல் அல்ல, எழுத்து. ஆனால் அவரும் நாட்டைவிட்டு அயர்லாந்துக்குக் குடியேறினார். நம் மண்ணில் பிறந்த ஒலியை ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதவேண்டி வந்தது என்ற வருத்தம் எனக்கு உண்டு. இந்தப் பிள்ளை இங்கேயே இருந்து எழுத வேண்டும்.

வீணை டீச்சர் (ஐசிப்பிங்கோ)

தம்பிகளே, பதவியையும் பணத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் எதை எழுதப் போகிறாள் என்று யாரும் கேட்கவில்லையே!

அவள் காதில் இரண்டு சங்கீதம் இருக்கிறது. இது புதிய விஷயம் அல்ல. சென்னையில் கோட்டைப் பட்டாளத்து பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் நோட்டு சுவர சாகித்தியங்கள் செய்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். 200 ஆண்டுக்கு முன்பே இருபக்கமும் கதவு திறந்து வைத்திருந்த மரபு நம்முடையது.

நம் காலத்தில் இளையராஜா. 1993இல் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து லண்டனில் ஒரு சிம்பொனி பதிவு செய்தார், ஜான் ஸ்காட் நடத்தினார். அந்தப் பதிவு வெளிவரவே இல்லை. 2025 மார்ச் 8ஆம் தேதி 'வேலியன்ட்' சிம்பொனி லண்டன் அப்பல்லோ அரங்கில் அரங்கேறியபோது என் மாணவிகள் நள்ளிரவுவரை கைப்பேசியைவிட்டு நகரவில்லை. அதையும் அவர் நடத்தவில்லை, மிக்கெல் டாம்ஸ் நடத்தினார். ஸ்கோர் மொத்தத்தையும் தன் கையால் எழுதுகிற ஒருவருக்கு, கோல் இன்னொருவர் கையில் இருந்ததால் என்ன குறைந்துபோயிற்று? எழுதுபவரே நடத்த வேண்டும் என்ற கட்டாயம் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, சகோதரரே: தமிழ்ப் பிள்ளை என்பதால் சிம்பொனியில் ராகத்தைப் போடு என்று யாரும் அவளை நெருக்கக் கூடாது. அவளாக விரும்பினால் மட்டுமே. விரும்பினால் அங்கே ஒரு பெரிய சிக்கல் காத்திருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே இடத்தில் நிற்கிற சுரமே அல்ல. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்தியமம்வரை ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் உயிர். ஒரு வீணையில் நான் இழுத்துக் காட்டிவிடுவேன். பதினான்கு வயலின்கள் சேர்ந்து அதை எப்படி வாசிக்கும்? தம்பி இரண்டாம் வயலின் சொல்லட்டும்.

இரண்டாம் வயலின் (டர்பன்)

அக்கா, சரியான இடத்தில் கைவைத்தீர்கள். இதை அனுபவித்திருக்கிறேன்.

இளம் இசையமைப்பாளர்களுக்கான ஒரு பட்டறையில், தோடியை வைத்து எழுதிய ஒரு பக்கம் எங்கள் முன் வந்தது. ஷட்ஜம் 'டி' என்று வைத்திருந்தார். காந்தாரம் வர வேண்டிய இடத்தில் தாளில் 'எஃப்' என்று ஒரு நீண்ட சுரம், அதன் மேல் நெளிகோடு. எல்லோரும் தேர்ந்த கலைஞர்கள். ஆனால் நெளிகோட்டைக் கண்டதும் ஒருவர் வழக்கமான அதிர்வைக் கொஞ்சம் அகலப்படுத்தினார், ஒருவர் மேலே மட்டும் வழுக்கினார், ஒருவர் மெதுவாக, ஒருவர் வேகமாக. மொத்தமாக வந்தது தோடியும் இல்லை, 'எஃப்'பும் இல்லை, கலங்கிய இரைச்சல். அக்காவைப் போன்றவர்கள் அங்கே இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதைச் சொல்கிறேன். நெளிகோட்டை அடித்துவிட்டு, அசைவின் ஒவ்வொரு படியையும் தாளக் கணக்கோடு எழுதச் சொன்னோம்: 'ஈ ஃப்ளாட்'டை ஒட்டி எங்கே தொடங்க வேண்டும், எத்தனை பங்கு நேரத்தில் 'ஜி'யைத் தொட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும். அதையும் முதல் ஸ்டாண்டில் இருந்த ஒரே வயலினுக்குக் கொடுத்தோம். மற்ற வயலின்கள் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் மெல்லப் பிடித்து நின்றன. உடனே காந்தாரம் காதில் விழுந்தது. நடத்தியவருக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த ஒற்றை வயலினை விரட்டாமல், அசைவு முடியும்வரை காத்திருந்து அடுத்த அடியைக் காட்ட வேண்டும்.

எழுதுபவர் ஒருமுறையாவது அந்த மேடையில் நிற்க வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான் அக்கா. இளையராஜாவின் ஸ்கோர் அவர் மனதில் முழுதாகக் கேட்டுத் தாளில் இறங்குகிறது. அது அரிய வரம். பதினேழு வயதுப் பிள்ளை கேட்டுக் கேட்டுத்தான் அந்த இடத்துக்குப் போக முடியும்.

வீணை டீச்சர் (ஐசிப்பிங்கோ)

அந்த ஒற்றை வயலினுக்காகக் காத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நடத்துநர் அங்கே பக்கவாத்தியக்காரரின் பொறுமையைக் காட்ட வேண்டும். இதைக் கற்க அவள் நடத்தப் பழகுகிறாள் என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

லேனேசியா மாணவி (ஜோகன்னஸ்பர்க்)

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் பாடகர் குழு நடத்துவதைப் படிக்கிறேன். இவ்வளவு நேரமும் இசைக்குழு என்றால் வயலினும் ஹார்னும் என்றே பேசுகிறோம். நம் நாட்டின் உண்மையான இசைக்குழு பாடகர் குழுதான்! பள்ளி, தேவாலயம், சுரங்கம், காவல்துறை, எங்கே போனாலும் ஒரு பாடகர் குழு இருக்கிறது. நூறு பேர் நான்கு குரலில் மனப்பாடமாகப் பாடுகிறார்கள்.

மிக்கேல் மோசொயு மொயரானே என்ற பெயரை உங்கள் மகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1904 முதல் 1980 வரை வாழ்ந்தவர். முன்னாள் அதிபர் தாபோ ம்பெக்கியின் தாய்மாமன். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே படித்து, இசையில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர். அந்தப் பட்டத்துக்காக 1941இல் எழுதிய 'ஃபாட்ஷே லா ஹேசோ'தான் பெரிய இசைக்குழுவுக்கு அவர் எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே படைப்பு. அப்படி எழுதத் தெரிந்த ஒருவருக்கு இனப்பாகுபாடு ஓர் இசைக்குழுவைக் கொடுக்கவில்லை. அவர் என்ன செய்தார்? தன் முன்னால் இருந்த பாடகர்களுக்கு எழுதினார். டஜன் கணக்கில் கூட்டுப்பாடல்கள், எல்லாம் டோ ரே மி என்ற டானிக் சோல்ஃபா எழுத்தில். இன்றும் குழுக்கள் பாடுகின்றன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எவ்வளவு பெரிய இழப்பு, எவ்வளவு பெரிய மனம்!

வீணை அக்காவுக்கு இது பிடிக்கும்: அந்தச் சோல்ஃபாவில் 'டோ' எந்தச் சுருதியிலும் உட்காரும், நம் ஷட்ஜம் போலவே. அதனால் வாய்ப்பாடு கற்ற நம் பிள்ளைகளுக்கு அதைப் படிப்பது சுலபமாக வருகிறது. எனக்கு வந்தது.

மொயரானே ஆசிரியராக இருந்த குயின்ஸ்டவுனில்தான் 1975இல் போங்கானி என்டோடானா-பிரீன் பிறந்தார். கனடா போய் டொரண்டோவில் ஒரு குழுவை நிறுவி நடத்தினார், பிறகு நாட்டோடு மீண்டும் வேலை செய்தார். அவருடைய 'வின்னி' ஆப்பரா 2011இல் பிரிட்டோரியாவில் அரங்கேறியது. 2018இல் மண்டேலா நூற்றாண்டுக்காக மினசோட்டா இசைக்குழு இங்கே சுற்றுப்பயணம் வந்தபோது அவரிடம்தான் புதிய படைப்பு கேட்டு வாங்கியது, 'ஹார்மோனியா உபுண்டு'. மாரிட்ஸ்பர்க் அண்ணா, வெளிநாடு போனவர்கள் எல்லோரும் நம்மை விட்டுப் போய்விடவில்லை.

மாரிட்ஸ்பர்க்காரன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நல்ல செய்தி, தங்கச்சி. மொயரானேவின் இசைக்குழுப் படைப்பை இன்றிரவே தேடிக் கேட்கிறேன்.

ஜொபர்க் கணக்காளர் (ஜோகன்னஸ்பர்க்)

மொயரானேவும் ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டுதான் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். மாலரும் வியன்னா ஆப்பராவின் வேலை முடிந்த கோடைக்காலத்தில் ஏரிக்கரைக் குடிலில் எழுதியவர்தான். சம்பளம் ஓரிடம், எழுத்து ஓரிடம். நான் சொல்வதும் அதுவே.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. எழுதியது பொது மேடையிலோ வானொலியிலோ ஒலிக்கத் தொடங்கியதும் இசையமைப்பாளர்களுக்கு உரிமைத் தொகை வசூலித்துத் தரும் சாம்ரோ அமைப்பில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளட்டும். வாசிக்கப்படும் ஒவ்வொரு முறையும் உரிமைத் தொகை சேரும். பெரிய தொகை வராது, ஆனால் பதிவில்லாத படைப்புக்குச் சல்லிக்காசும் வராது. யார் எழுதியது, எத்தனை நிமிடம், எங்கே எப்போது வாசிக்கப்பட்டது என்று முதல் நாளிலிருந்தே கணக்கு வைக்கச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் தகப்பன் (டர்பன்)

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. மகள் ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தாள். மொயரானேவைப் பற்றிப் படித்ததும் என்னிடம் வந்து, "அப்பா, எனக்கு முன்னால் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். நாங்கள் சேர்ந்து யோசித்தோம். இளையோர் இசைக்குழுவில் அவளோடு வாசிக்கும் தந்தி வாத்தியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாய்ப்பாட்டு வகுப்பில் பாடும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் தமிழ் ஐஸ்டெட்ஃபட் என்ற கலைவிழாப் போட்டிகளில் பாடுபவர்கள். இந்த இரு தரப்புக்குமாக ஒன்று எழுதலாமா என்கிறாள். மெட்ரிக் முடிந்ததும் இசைப் பட்டப்படிப்பு, இசையமைப்பு முதன்மைப் பாடம். பாடகர் குழு நடத்துவதையும் கூடவே எடுப்பாள். கணக்கியல் பாடத்தையும் ஒரு துணைப்பாடமாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தம்பி, முதல் முறையாக எழுதுகிறவள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இரண்டாம் வயலின் (டர்பன்)

மிக்க மகிழ்ச்சி ஐயா. தங்கைக்கு நேரடியாகவே எழுதுகிறேன்.

ஆறு நிமிடத்துக்கு மேல் போகாதே, தங்கையே. தந்தி வாத்தியம் பன்னிரண்டு, பாடும் குரல் இரண்டு வகை, போதும். பாடுபவர்களுக்கு எந்தச் சுருதி இயல்பாக வருகிறது என்று முதலில் கேட்டு, அதற்கேற்ப வாத்தியங்களின் ஷட்ஜத்தை வை. வாத்தியங்களுக்கு வசதியான சுருதியில் எழுதிவிட்டுப் பாடுபவர்களை இழுக்காதே. வியோலாவுக்கு அதற்குரிய சி கிளெஃபில் (சுர உயரத்தைக் காட்டும் தொடக்கக் குறி) எழுது. வில்லின் மேல், கீழ் அசைவை நீயே குறித்துவிடு, இல்லாவிட்டால் ஒத்திகையில் பாதி நேரம் அதிலேயே கரையும்.

ஸ்கோர் எவ்வளவு அழகாக இருந்தாலும் நாங்கள் பார்ப்பது எங்கள் தனித்தாளை மட்டும். ஒரு ஸ்டாண்டுக்கு இருவர் அமர்கிறோம், உட்பக்கம் இருப்பவர் பக்கத்தைப் புரட்டுவார். வேகமான ஓட்டத்தின் நடுவில் பக்கம் முடிந்தால் அந்தக் கணத்தில் பாதி வயலின்கள் மௌனமாகிவிடும். ஓய்வு வருகிற இடத்தில் பக்கத்தை முடி. கணினி தானாகவே செய்துவிடும் என்று நம்பாதே, அச்சடித்து ஸ்டாண்டில் வைத்துக் கையால் புரட்டிப் பார். எல்லாத் தாள்களிலும் ஒத்திகை எழுத்துகளும் (இடம் காட்டும் ஏ, பி, சி குறிகள்) தாளக்கட்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நடத்தும்போது உன் படைப்பை நீ ரசிக்காதே. எங்களைக் கேள். தவறாக ஒலிக்கும் இடத்தில் நிறுத்தி, எந்த எழுத்திலிருந்து, யார் மட்டும், என்ன வேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்.

என்னோடு வாசிக்கும் நண்பர்களிடம் பேசிவிட்டேன். ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் பன்னிரண்டு பேரும் வரத் தயார், கூலி வேண்டாம். மூன்று மணி நேரம், நடுவில் கால் மணி நேரம் தேநீர் இடைவேளை. பாடும் பெண்களை நீ அழைத்து வா. தாள்கள் ஒரு வாரம் முன்பே எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

வீணை டீச்சர் (ஐசிப்பிங்கோ)

நானும் வருகிறேன். சுருதிப்பெட்டி என் பொறுப்பு.